மலாக்கா நீரிணைக்கு யார் காவல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக இருந்துவிட்டு, இப்போது கப்பல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மலாக்கா நீரிணை பற்றிய பாடம் வந்தால் கேள்விகள் தாமாகக் கிளம்பும். பிள்ளைகள் கேட்பது ஒரு விதம், அவர்களைச் சேர்க்க வரும் பெற்றோர் கேட்பது இன்னொரு விதம். யூடியூபில் போர் அலசல் பார்த்துவிட்டு வருபவர்கள் கேட்பது மூன்றாவது விதம். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மலாக்கா மலாக்கான்னு சொல்றாங்களே, அது சரியா எங்க இருக்கு சார்?

மலேசியத் தீபகற்பத்துக்கும் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கும் நடுவில் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். வடமேற்கு முனை அந்தமான் கடலில் அகலமாகத் திறக்கிறது. தெற்கே போகப் போக ஒடுங்கி, சிங்கப்பூர் நீரிணையோடு சேருகிறது. சிங்கப்பூருக்கு அருகே பிலிப் சானல் என்ற இடத்தில் கப்பல் போகும் வழி 3 கிலோமீட்டருக்கும் குறைவு.

அகலம் மட்டும் பிரச்சினை இல்லை, ஆழமும் குறைவு. சில இடங்களில் 23 மீட்டர் அளவில்தான் தண்ணீர் நிற்கும். கப்பலின் அடிப்பகுதிக்கும் கடல் தரைக்கும் நடுவில் குறைந்தது 3.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. பெரிய எண்ணெய்க் கப்பல்கள் சிக்கலான பகுதிகளில் 12 நாட் (மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டக் கூடாது. இந்த வேக விதியை நினைவில் வையுங்கள், பின்னால் திருட்டைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

அதுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

இந்தியப் பெருங்கடலில் இருந்து கிழக்காசியாவுக்குப் போகக் குறுக்கு வழி இதுதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 90,000 கப்பல் பயணங்கள், நாளொன்றுக்கு 2 கோடிப் பீப்பாய்க்கும் மேல் எண்ணெய். ஜப்பான், கொரியா, சீனா மூன்றும் வளைகுடா எண்ணெயை இந்த வழியாகத்தான் பெருமளவு வாங்குகின்றன. வேறு வழி இல்லாமல் இல்லை. இந்தோனேசியத் தீவுகளுக்கு நடுவே சுந்தா நீரிணை இருக்கிறது, லொம்போக் நீரிணை இருக்கிறது. லொம்போக் நல்ல ஆழம், ஆனால் சுற்று அதிகம். சுற்று என்றால் எரிபொருள், நாள், கூலி எல்லாம் கூடும்.

அது சர்வதேசக் கடல்தானே? யாரு வேணும்னாலும் போகலாம், காவலும் காக்கலாம் இல்லையா?

போகலாம். காவல் காக்க முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக் கொள்வதில்தான் பாதிக் கேள்விகள் பிறக்கின்றன.

கரையில் இருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் ஆட்சிக் கடல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இரு கரைக்கும் இடையே 24 கடல் மைலுக்குக் குறைவாக இருந்தால் நடுவில் பொதுக் கடல் என்று எதுவும் மிஞ்சாது. நீரிணையின் தென்பகுதி அப்படித்தான். ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் இந்தோனேசியா, முனையில் சிங்கப்பூர். 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை இதற்கு ஒரு சமரசம் வைத்தது. எல்லா நாட்டுக் கப்பல்களும், போர்க்கப்பல் உட்பட, நிற்காமல் கடந்து போகலாம். கரை நாடுகள் அதைத் தடுக்கவோ நிறுத்தி வைக்கவோ கூடாது. ஆனால் அந்தத் தண்ணீரில் சட்டம் ஒழுங்கு கரை நாடுகளின் கையில்.

அதற்கும் முன்பே, 1971 நவம்பரில் மூன்று நாடுகளும் ஓர் அறிக்கை விட்டன. இந்த நீரிணையின் பாதுகாப்பான போக்குவரத்துக்குக் கரையில் இருப்பவர்களே பொறுப்பு என்றார்கள். அன்று எடுத்த நிலை இன்றும் மாறவில்லை.

கடற்கொள்ளைன்னா சோமாலியாதானே? இங்கேயுமா?

சோமாலியா தலைப்புச் செய்தி ஆவதற்கு முன்பு உலகத்தின் கவலை மலாக்காதான். கோலாலம்பூரில் 1992 முதல் இயங்கும் சர்வதேசக் கடல்சார் பணியகத்தின் கொள்ளைத் தகவல் மையம் 2000ஆம் ஆண்டில் மட்டும் இந்த நீரிணையில் 75 தாக்குதல்களைப் பதிவு செய்தது. 2004இல் 38.

எல்லாம் ஒரே வகை இல்லை. சிலர் கயிறும் பணமும் திருடிக் கொண்டு ஓடுவார்கள். சிலர் மாலுமிகளைப் பிடித்துப் போய் மீட்புப் பணம் கேட்பார்கள். 2005 மார்ச்சில் இடாட்டென் என்ற ஜப்பானிய இழுவைக் கப்பலில் ஏறி, கேப்டன் உட்பட மூன்று பேரைக் கடத்திப் போனார்கள். ஒரு வாரத்துக்குள் மூவரும் விடுவிக்கப்பட்டார்கள். அரிதாகச் சிலர் கப்பலையே சரக்கோடு காணாமல் போகச் செய்வார்கள். அப்படி ஒன்று இந்தியா வரை வந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கடல் சட்டப்படி ‘கடற்கொள்ளை’ என்பது ஆட்சிக் கடலுக்கு வெளியே நடப்பது மட்டும். அதை எந்த நாட்டுக் கடற்படையும் பிடிக்கலாம். 12 கடல் மைலுக்குள் நடந்தால் அது கப்பல் மீதான ஆயுதக் கொள்ளை, அந்த நாட்டு வழக்கு. சோமாலியக் கடலுக்கு இத்தனை நாட்டுக் கடற்படைகள் போனதும், மலாக்காவுக்குள் யாரும் அப்படி வர முடியாததும் இதனால்தான். சோமாலிய ஆட்சிக் கடலுக்குள் நுழையவே 2008இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் தீர்மானம் தேவைப்பட்டது.

பேசாம அமெரிக்காகிட்ட விட்டிருந்தா ஒரே மாசத்துல முடிச்சிருப்பாங்களே?

அந்தப் பேச்சு வந்தது. 2004 மார்ச்சில் அமெரிக்காவின் பசிபிக் படைத் தலைவர் அட்மிரல் தாமஸ் ஃபார்கோ நாடாளுமன்றக் குழு முன்பு வட்டாரக் கடல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைப் பற்றிப் பேசினார். அதிவேகப் படகுகளில் சிறப்புப் படை என்று செய்தி பரவியது. மலேசியாவும் இந்தோனேசியாவும் உடனே மறுத்துவிட்டன. சிங்கப்பூர் அந்த யோசனையை அவ்வளவு வெறுக்கவில்லை, ஆனாலும் பக்கத்து நாடுகளை மீறி எதுவும் செய்ய முடியாது.

என் கணிப்பில், மூன்று நாடுகளையும் ஒரே மேசைக்குக் கொண்டு வந்ததே இந்தப் பேச்சுதான். நாம் செய்யாவிட்டால் வெளியாள் வந்து செய்வான் என்பது புரிந்துவிட்டது. நான்கே மாதத்தில், 2004 ஜூலை 20 அன்று, மூன்று கடற்படைகளும் 17 கப்பல்களோடு ரோந்தைத் தொடங்கின. மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா மூன்றின் பெயரையும் ஒட்டி அதை மால்சிந்தோ என்றார்கள். 2006 ஏப்ரலில் நடைமுறை விதிகள் எழுதப்பட்டு, விமானக் கண்காணிப்பும் சேர்ந்து, மலாக்கா நீரிணை ரோந்து என்ற முழு ஏற்பாடானது. 2008இல் தாய்லாந்தும் வந்தது.

மூணு நாட்டு ஆளுங்களும் ஒரே கப்பல்ல போவாங்களா?

இல்லை. அவரவர் கப்பல், அவரவர் கொடி, அவரவர் கடல், அவரவர் தலைமை. பொதுவான தளபதி என்று யாரும் கிடையாது. ஒரே காலத்தில் ரோந்து போவார்கள், யார் எங்கே எப்போது என்பதை முன்கூட்டியே சொல்லிக் கொள்வார்கள், தகவலைப் பரிமாறிக் கொள்வார்கள். அவ்வளவுதான்.

இது என்ன அரைகுறை ஒத்துழைப்பு என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பொதுத் தலைமை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் இன்று வரை பேசிக் கொண்டேதான் இருந்திருப்பார்கள். இந்தோனேசியா 1945இல் விடுதலையை அறிவித்த நாடு, மலேசியா 1957இல் விடுதலை பெற்றது, சிங்கப்பூர் 1965இல் தனிநாடானது. தன் கடலில் இன்னொரு கொடி அதிகாரம் செய்வதை எந்த அரசாலும் மக்களிடம் விளக்க முடியாது. எதைக் கேட்டால் ‘முடியாது’ என்று வருமோ அதை யாரும் கேட்கவில்லை. அதனால்தான் இந்த ஏற்பாடு இருபது ஆண்டு தாண்டியும் உடையவில்லை.

அப்போ திருடன் எல்லையைத் தாண்டி ஓடினா? துரத்திப் பிடிக்கக்கூடாதா?

கூடாது. கடல் சட்டப்படியும், இன்னொரு நாட்டின் ஆட்சிக் கடலுக்குள் நுழைந்த நொடியில் துரத்தும் உரிமை முடிந்துவிடும். மலாக்கா ரோந்திலும் அந்த விதியைத் தளர்த்தவில்லை.

அதற்குப் பதிலாகச் செய்வது ஒப்படைப்பு. சிங்கப்பூர்ப் படகு எல்லையில் நின்றுவிடும். ஆனால் அதற்குள் அந்தப் பக்கத்து இந்தோனேசியப் படகுக்கு, எந்தப் படகு, என்ன நிறம், எத்தனை பேர், எந்தத் திசை என்று ரேடியோவில் சொல்லியிருக்கும். ஆண்டு முழுவதும் பேசிப் பழகிய அதிகாரிகள் என்றால் இது நிமிடங்களில் நடக்கும். பழக்கம் இல்லாதவர்கள் என்றால் தலைநகரம் வழியாகக் கடிதம் போகும், திருடன் அதற்குள் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான்.

ஓட்டை இல்லாத முறை என்று சொல்ல மாட்டேன். இருட்டில், தீவுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில், அந்தப் பக்கம் படகு அருகில் இல்லாவிட்டால் ஆள் தப்பிவிடுவான். இதை நாடுகளும் ஒத்துக் கொள்கின்றன.

கடல்ல எல்லை தாண்டக்கூடாதுன்னா, விமானம் மட்டும் எப்படி?

நல்ல கேள்வி. 2005 செப்டம்பரில் மலேசியாவின் சுபாங் விமானத் தளத்தில் ‘ஐஸ் இன் த ஸ்கை’ என்ற வான் கண்காணிப்பைத் தொடங்கினார்கள். இதில் மட்டும் கொஞ்சம் தளர்ந்து கொடுத்தார்கள். ஒரு நாட்டு விமானம் மற்ற நாட்டின் கடலுக்கு மேல் பறக்கலாம். ஆனால் விமானத்துக்குள் மற்ற நாடுகளின் அதிகாரியும் உட்கார்ந்திருப்பார். சந்தேகப் படகைப் பார்த்தால் அந்தந்த நாட்டு அதிகாரியே தன் நாட்டுக்குத் தகவல் சொல்வார்.

அதாவது விமானம் பார்க்கும், பிடிக்காது. பிடிப்பது கரை நாட்டின் கப்பல். பறப்புகளின் எண்ணிக்கை போதாது என்ற விமர்சனம் தொடக்கத்திலேயே வந்தது, நியாயமான விமர்சனம்தான். இருந்தாலும் பக்கத்து நாட்டு அதிகாரியைத் தன் ராணுவ விமானத்தில் ஏற்றி, தன் கடற்கரையை அவர் பார்க்கும்படி பறப்பது சின்ன விஷயம் இல்லை.

ரோந்து ஆரம்பிச்சதும் கொள்ளை குறைஞ்சிடுச்சா, இல்ல சும்மா கணக்கு காட்றாங்களா?

குறைந்தது. மேலே சொன்ன அதே மையத்தின் கணக்கில் 2004இல் 38ஆக இருந்தது 2005இல் 12, 2006இல் 11, 2007இல் 7, 2008இல் 2.

முழுப் பெருமையும் ரோந்துக்குப் போகாது. 2004 டிசம்பர் சுனாமி, சுமத்ராவின் வடமுனையில் உள்ள ஆச்சே கடற்கரையைச் சின்னாபின்னமாக்கியது. படகு வைத்திருந்தவர்களும் போனார்கள், படகும் போனது. 2005 ஆகஸ்டில் ஆச்சே கிளர்ச்சியாளர்களுக்கும் இந்தோனேசிய அரசுக்கும் ஹெல்சிங்கியில் சமாதானம் ஏற்பட்டது. ஆள் கடத்தல் சிலவற்றில் அந்தக் கிளர்ச்சியாளர்களின் பெயர் அடிபட்டிருந்தது. மலேசியா 2005 இறுதியில் தனிக் கடலோரக் காவல் அமைப்பை இறக்கியது.

அப்புறம் காப்பீடு. 2005 ஜூனில் லண்டன் காப்பீட்டுச் சந்தையின் போர்க் குழு மலாக்காவைப் போர் ஆபத்துள்ள பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. கப்பல்களுக்குக் கூடுதல் கட்டணம் விழும் என்ற நிலை. கரை நாடுகளுக்கு இது அவமானமும் நஷ்டமும். அடுத்த பதினான்கு மாதங்களில் விமானமும் வந்தது, விதிகளும் வந்தன, 2006 ஆகஸ்டில் பெயர் பட்டியலில் இருந்து நீங்கியது. எத்தனையோ மாநாட்டுத் தீர்மானங்கள் செய்யாததை ஒரு காப்பீட்டுப் பட்டியல் செய்தது என்பது என் துணிபு.

இந்த நாடுகளுக்குள்ள தகராறே கிடையாதா? அதனாலதான் இதெல்லாம் நடக்குதா?

தகராறு நிறைய உண்டு, அதுவும் ரத்தம் சிந்திய தகராறு. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து மோதல் நடத்தியது. 1965 மார்ச்சில் சிங்கப்பூரின் மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வைத்த இந்தோனேசியக் கடற்படை வீரர்கள் இருவரைச் சிங்கப்பூர் 1968இல் தூக்கிலிட்டது. 2014இல் இந்தோனேசியா அந்த இருவர் பெயரையும் சேர்த்து ஒரு போர்க்கப்பலுக்கு உஸ்மான் ஹாருன் என்று பெயரிட்டது. சிங்கப்பூர் கொதித்தது. அந்தக் கப்பல் எங்கள் துறைமுகத்துக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனால் நீரிணை ரோந்து நிற்கவில்லை.

சிங்கப்பூரும் மலேசியாவும் பெட்ரா பிராங்கா என்ற கலங்கரை விளக்கப் பாறைக்காகச் சர்வதேச நீதிமன்றம் வரை போனார்கள். 2008 மே மாதம் தீர்ப்பு வந்தது. பாறை சிங்கப்பூருக்கு, பக்கத்தில் உள்ள மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு. வழக்கு நடந்த அதே ஆண்டுகளில்தான் மேலே சொன்ன ரோந்து விதிகளும் எழுதப்பட்டன. சண்டையைத் தீர்த்துவிட்டு ஒத்துழைப்போம் என்று காத்திருந்தால் எதுவுமே தொடங்கியிருக்காது. சண்டை ஒரு மேசையில், ரோந்து இன்னொரு மேசையில். இந்தப் பிரிவினையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நடுக்கடல்ல திருடன் ஏறிட்டா கப்பல்காரங்க யாருக்குச் சொல்லணும்?

கப்பலை ஓட்டும் மேல்தள அறையில் ரகசியப் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால் கப்பலில் எந்தச் சத்தமும் வராது, கம்பெனிக்கும், கப்பல் பதிவான கொடி நாட்டுக்கும் எச்சரிக்கை போய்விடும். கூடவே விஎச்எஃப் ரேடியோவில், கரையில் உள்ள கப்பல் போக்குவரத்து நிலையத்தை அழைக்க வேண்டும். மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகள் முழுவதும் ஒன்பது பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 1998 டிசம்பர் முதல் பெரிய கப்பல்கள் ஒவ்வொன்றும் நுழையும்போது பெயரும் இடமும் சொல்லியாக வேண்டும். அதனால் நிலையத்துக்கு நீங்கள் யார் என்று ஏற்கெனவே தெரியும்.

அங்கிருந்து தகவல் பல கிளையாகப் பிரியும். கரை நாட்டுக் கடற்படை, கடலோரக் காவல், கோலாலம்பூர் மையம், சிங்கப்பூர் சாங்கியில் கடற்படை நடத்தும் தகவல் இணைப்பு மையம். சாங்கி மையம் 2009இல் வந்தது. பல நாட்டு அதிகாரிகள் அங்கே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். இந்தியாவும் 2018 டிசம்பரில் குருகிராமில் இதே போன்ற மையத்தை இந்தியப் பெருங்கடலுக்காகத் திறந்தது.

இந்தத் தகவல் வலை நீரிணைக்கு வெளியிலும் பலன் கொடுத்திருக்கிறது. 2015 ஜூனில் ஓர்கிம் ஹார்மனி என்ற மலேசிய எண்ணெய்க் கப்பல் தென்சீனக் கடலில் பெட்ரோலோடு கடத்தப்பட்டது. கடத்தியவர்கள் பெயரின் முன் இரண்டு எழுத்தையும் கடைசி எழுத்தையும் பெயின்டால் மறைத்து ‘கிம் ஹார்மன்’ ஆக்கியிருந்தார்கள். ஆஸ்திரேலிய விமானம் கண்டுபிடித்தது, மலேசியக் கப்பல்கள் பின்தொடர்ந்தன, உயிர்ப்படகில் தப்பியவர்களை வியட்நாம் பிடித்தது.

ரீகாப்னு ஒரு அமைப்பு இருக்காமே, அதுல மலேசியாவும் இந்தோனேசியாவும் இல்லையாம். ஏன்?

ரீகாப் ஜப்பான் முன்னெடுத்த ஆசியக் கொள்ளைத் தடுப்பு ஒப்பந்தம். 2006இல் அமலுக்கு வந்தது. இந்தியா, இலங்கை இரண்டும் உறுப்பினர். அதன் தகவல் மையம் சிங்கப்பூரில் அமைந்தது. மலேசியாவில் ஏற்கெனவே கோலாலம்பூர் மையம் இருந்தது, இந்தோனேசியாவுக்கு ஆட்சியுரிமைக் கவலை. இரண்டும் சேரவில்லை. ஆனால் இரண்டு நாடுகளின் அதிகாரிகளும் அந்த மையத்தோடு தகவல் பரிமாறிக் கொள்வது நடக்கிறது.

என் பையன் அடுத்த மாசம் சிங்கப்பூர் வழியா போறான். 2025ல திருட்டு கூடிடுச்சுன்னு படிச்சேன். பயப்படணுமா?

கூடியது உண்மை. ரீகாப் கணக்கில் 2025இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் 80 சம்பவங்கள். பெரும்பாலானவை பிலிப் சானல் பக்கம். வேகம் குறைத்து ஓட்ட வேண்டிய இடம் என்று சொன்னேனே, அங்கேதான். இந்தோனேசியப் போலீஸ் சில கும்பல்களைப் பிடித்த பிறகு ஜூலைக்குப் பின் எண்ணிக்கை இறங்கியது. கடலில் எத்தனை கப்பல் சுற்றினாலும், தீவில் போய் ஆளைப் பிடித்தால்தான் குறைகிறது. திருட்டுப் பொருளை வாங்குபவனும் கரையில்தான் இருக்கிறான்.

பையனுக்கு என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். பிலிப் சானல் நெருங்குமுன்பே தங்கும் பகுதியின் கதவுகளை எல்லாம் உள்ளிருந்து பூட்டுவார்கள். பின்தளத்தில் தீயணைப்புக் குழாய்களைத் திறந்து இரு பக்கமும் தண்ணீர் பீய்ச்ச விடுவார்கள். வாக்கிடாக்கியோடு இருவர் சுற்றி வருவார்கள். திருடர்கள் விளக்கில்லாத சின்னப் படகில், கப்பலின் பின்பக்கம் ரேடார் சரியாகப் பார்க்காத இடத்தில் ஒட்டி வந்து, நுனியில் கொக்கி கட்டிய நீண்ட கழியை மாட்டி ஏறுவார்கள். தண்ணீருக்கு மேல் உயரம் குறைவான, சரக்கு நிறைந்த கப்பல்களைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் தேடுவது இயந்திர உதிரி பாகங்கள். யாராவது பார்த்து மணி அடித்தால் பெரும்பாலும் குதித்து ஓடிவிடுவார்கள். கத்தி வைத்திருப்பார்கள், சில நேரம் துப்பாக்கி போன்ற பொருளும். எனவே நான் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்வது ஒன்றுதான். தனியாக எதிர்க்கப் போகாதே. கத்து, மணி அடி, பூட்டிய கதவுக்குள் இரு. உதிரி பாகத்தைக் கம்பெனி வேறு வாங்கிக் கொள்ளும்.

இந்தியாவோட நிக்கோபார் பக்கத்துலயே இருக்கே, நாம ஏன் இந்த ரோந்துல இல்ல?

நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனையில் இருந்து சுமத்ராவின் வடக்குத் தீவுகள் 150 கிலோமீட்டர் அளவில்தான். நீரிணையின் மேற்கு வாசலில் நாம் இருக்கிறோம், நீரிணைக்குள் நமக்குக் கரை இல்லை. 1971இல் எடுத்த நிலைப்படி, கரை இல்லாதவர்கள் உதவலாம், ரோந்து போக முடியாது.

வாசலில் இந்தியா சும்மா இல்லை. 2001இல் முப்படைக்கும் பொதுவான அந்தமான் நிக்கோபார் கட்டளையகம் அமைந்தது. 2002 முதல் இந்தோனேசியாவோடும், 2005 முதல் தாய்லாந்தோடும், அவரவர் எல்லைக் கோட்டின் இரு பக்கமும் ஒருங்கிணைத்த ரோந்து நடக்கிறது. 2012இல் கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில் ஐஎன்எஸ் பாஸ் விமானத் தளம் வந்தது. 2002இல் சில மாதங்கள், அமெரிக்காவின் முக்கியமான சரக்குக் கப்பல்களுக்கு இந்தியக் கடற்படைக் கப்பல்கள் நீரிணை வழியாகத் துணைக்குப் போனதும் உண்டு. 2025 செப்டம்பரில் சிங்கப்பூர்ப் பிரதமர் டெல்லி வந்தபோது, மலாக்கா ரோந்தில் இந்தியா காட்டும் ஆர்வத்தைச் சிங்கப்பூர் மதிப்பதாகக் கூட்டறிக்கையில் எழுதினார்கள். மதிப்பது வேறு, சேர்ப்பது வேறு. அதற்கு மற்ற மூன்று நாடுகளும் சம்மதிக்க வேண்டும்.

இந்தியா ஒரு கொள்ளைக் கப்பலைப் பிடிச்சு, அப்புறம் ஆளுங்களை விட்டுட்டாங்களாமே?

அலோண்ட்ரா ரெயின்போ வழக்கு. பின்னால் சொல்கிறேன் என்றேனே, இதுதான். 1999 அக்டோபரில் சுமத்ராவின் குவாலா தஞ்சோங் துறைமுகத்தில் 7,000 டன் அலுமினியம் ஏற்றி ஜப்பானுக்குக் கிளம்பிய கப்பல். சில மணி நேரத்திலேயே கடத்தப்பட்டது. 17 மாலுமிகளை ஒரு ரப்பர் தெப்பத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நாள்கணக்கில் மிதந்தவர்களைத் தாய்லாந்து மீனவர்கள் காப்பாற்றினார்கள். கப்பல் ‘மெகா ராமா’ என்று பெயர் மாறி அரபிக் கடலுக்கு வந்தது. நவம்பர் 16 அன்று இந்தியக் கடலோரக் காவல் படையின் தாராபாயும் கடற்படையின் பிரஹாரும் துரத்தி நிறுத்தின. உள்ளே இருந்தவர்கள் கப்பலைக் கொளுத்தி மூழ்கடிக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை.

பிடித்தது பிரமாதம். ஆனால் அன்று இந்தியாவில் கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டம் இல்லை. மும்பை நீதிமன்றம் 2003இல் தண்டித்தது, உயர் நீதிமன்றம் 2005இல் விடுதலை செய்தது. கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். நடுவில் எத்தனை ஆண்டுகள் போயின பாருங்கள். கடற்படை எவ்வளவு திறமையாக இருந்தாலும், கரையில் சட்டம் தயாராக இல்லாவிட்டால் அந்த உழைப்பு வீண்.

மலாக்காவை அடைச்சிட்டா சீனா மூணு நாள்ல படுத்துடும்னு சொல்றாங்களே?

சொல்வது சுலபம். சீனாவின் கவலை உண்மையானது. அதிபர் ஹூ ஜிந்தாவோ 2003இலேயே இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகச் சொல்வார்கள். மியான்மரின் சௌக்பியூவில் இருந்து குன்மிங் வரை எண்ணெய்க் குழாய் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அடைப்பது எப்படி? அங்கே போகும் கப்பலின் கொடி பனாமாவாகவோ லைபீரியாவாகவோ இருக்கும். முதலாளி கிரேக்கர், மாலுமிகள் பிலிப்பினோவும் நம் பிள்ளைகளும். எண்ணெய் நடுவழியில் கைமாறும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கப்பல்களில் எது சீனாவுக்கு, எது ஜப்பானுக்கு என்று நிறுத்திப் பார்க்க வேண்டும். அதை இன்னொரு நாட்டு ஆட்சிக் கடலில் செய்ய முடியாது, வெளியே அந்தமான் கடலில்தான் செய்ய வேண்டும். லொம்போக் வழி திறந்தே இருக்கும். கரை நாடுகள் நான்கும் எதிரியாகும், ஜப்பானும் கொரியாவும் தவிக்கும். நம் கிழக்கு வணிகமும் அதே வழியில்தான் போகிறது. முழுப் போர் மூண்டால் தவிர இது நடக்காது. கடற்படை யோசிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் யூடியூபில் சொல்வது போல ஒரு குழாயைத் திருகி மூடும் வேலை இல்லை.

ராஜேந்திர சோழன் காலத்துல நம்ம கட்டுப்பாட்டுலதானே இருந்தது?

1025 வாக்கில் நடந்த படையெடுப்பு உண்மை. தஞ்சைக் கல்வெட்டு ஸ்ரீவிஜயம், கடாரம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று வரிசையாகச் சொல்கிறது. கடாரம் இன்றைய கெடா, மாநக்கவாரம் நிக்கோபார். ஆனால் அது நிலையான ஆட்சியாக நீடிக்கவில்லை. நீண்ட காலம் நீடித்தது வணிகர்களின் போக்குவரத்து.

விளக்கு, மிதவை இதுக்கெல்லாம் செலவு யாரு பாக்கறாங்க?

கடந்து போகும் கப்பலிடம் சுங்கம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. ஜப்பான் 1960களின் இறுதியில் இருந்தே உதவி வருகிறது. 2007இல் மூன்று கரை நாடுகளும் சேர்ந்து ஒரு கூட்டு ஏற்பாட்டைத் தொடங்கின; பயன்படுத்தும் நாடுகளும் நிறுவனங்களும் விருப்பப்பட்டுப் பணம் போடலாம். ரோந்துச் செலவு மட்டும் அவரவர் பொறுப்பு.

நம்ம பாக் நீரிணைக்கும் இது மாதிரி ஒண்ணு செஞ்சா மீனவர் பிரச்சினை தீருமே?

ராமேசுவரம் பக்கத்துப் பிள்ளைகள் எப்போதும் இதைக் கேட்பார்கள். ரோந்து முறையை அப்படியே கொண்டு வந்தால் பயன் இல்லை. மலாக்காவில் மூன்று அரசுகளுக்கும் பொது எதிரி கொள்ளையன். பாக் நீரிணையில் தகராறே இரு கரை மீனவர்களின் பிழைப்பில் இருக்கிறது. எங்கள் பக்கத்து இழுவை மடிப் படகுகள் (கடல் தரையோடு வலையை இழுத்து மீனை அள்ளுபவை) போனால் வடபகுதி இலங்கைத் தமிழ் மீனவரின் வலை அறுகிறது. அவரும் கடன் வாங்கித்தான் வலை வாங்கியிருப்பார். இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

ஆனால் மலாக்கா பக்கத்துக் கடலில் இருந்து எடுத்து வரத்தக்க வேறொன்று உண்டு. 2010 ஆகஸ்டில் இந்தோனேசிய அதிகாரிகள், சிங்கப்பூருக்கு அருகில் உள்ள தங்கள் பிந்தான் தீவு அருகே மலேசிய மீனவர்களைப் பிடித்தார்கள், மலேசியப் போலீஸ் அந்த இந்தோனேசிய அதிகாரிகளையே பிடித்தது. ஜகார்த்தாவில் மலேசியத் தூதரகத்தின் முன் போராட்டம். அதன் பிறகு 2012 ஜனவரியில் இரு நாடுகளும் ஓர் உடன்பாடு செய்தன. எல்லை முடிவாகாத பகுதியில் எதிர்த் தரப்பு மீனவரைக் கண்டால் கைது செய்யாமல் திரும்பிப் போகச் சொல்ல வேண்டும், பலத்தைப் பயன்படுத்தக் கூடாது. வெடி, மின்சாரம், விஷம் வைத்து மீன் பிடிப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

நம் நிலைமை வேறு என்பதை மறைக்க முடியாது. 1974, 1976 ஒப்பந்தங்களில் இந்திய இலங்கைக் கடல் எல்லை வரையப்பட்டுவிட்டது, எனவே இலங்கை அதிகாரி தன் கடலுக்குள் சட்டப்படிதான் பிடிக்கிறார். இருந்தும், 2008 அக்டோபரில் இரு அரசுகளும் இந்திய மீன்பிடிப் படகுகள் மீது சுடுவதில்லை, குறித்த சில இடங்களுக்கு இந்தியப் படகுகள் போவதில்லை என்று ஒத்துக் கொண்டன. 2016இல் மீன்வளத்துக்குக் கூட்டுப் பணிக்குழு அமைத்தன. இழுவை மடியை விட்டுவிட்ட படகுக்குத் ‘திரும்பிப் போ’ என்ற சலுகையும், விடாத படகுக்கு வழக்கும் என்று அந்த 2012 விதியை நம் கடலுக்கு ஏற்றபடி எழுதிப் பார்க்கலாம். அதை எழுத உட்காரும்போது, அதிகாரிகள் மேசையில் இரு கரை மீனவர் சங்கங்களுக்கும் நாற்காலி வேண்டும்.